மழைக்கு வந்த பில்: வீட்டின் கடினப் பரப்பை நீங்களே அளந்து பார்க்க

என் மகள் அமெரிக்காவில் வீடு வாங்கிக் குடியேறிய நான்காவது மாதம், இரவு பத்து மணிக்குப் பாளையங்கோட்டைக்குப் போன் செய்தாள். "தண்ணீர் பில்லோடு இன்னொரு பில்லும் வந்திருக்கிறது அப்பா. நாங்கள் குழாயில் பிடிக்காத தண்ணீருக்கு, வானத்திலிருந்து விழுந்த தண்ணீருக்குக் காசு கேட்கிறார்கள்." அவள் கோபம் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. பில்லைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். முப்பது வருடத்துக்கு மேல் வரைவாளர் வேலை பார்த்தவன் என்பதால் அதிலிருந்த ஓர் எண் உடனே கண்ணில் பட்டது: 2,940 சதுர அடி. அது அவள் வீட்டின் அளவு இல்லை. மனையின் அளவும் இல்லை. பிறகு எதன் அளவு?

அதைத் தேடிப் போய்த் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நெல்லைப் பக்கத்திலிருந்து போய் அமெரிக்காவிலோ கனடாவிலோ ஜெர்மனியிலோ முதல் வீடு வாங்கியவர்களுக்கு உதவும். இரவில் அவர்கள் போன் செய்தால் பதில் சொல்ல வேண்டிய அப்பா அம்மாக்களுக்கு இன்னும் அதிகமாக உதவும்.

காசு மழைக்கு இல்லை, வடிகாலுக்கு

மண் தரையில் விழுகிற மழையில் ஒரு பகுதியை மண் குடித்துவிடும். கான்கிரீட் கூரை, சிமென்ட் முற்றம், தார் ரோடு எதுவும் குடிக்காது. விழுந்த தண்ணீரை அப்படியே தள்ளிவிடும். இப்படித் தண்ணீர் இறங்காத பரப்பைத்தான் கடினப் பரப்பு என்கிறேன்; பில்லில் இருந்த எண்ணும் அதன் அளவுதான். ஐப்பசியில் கால் மணி நேரம் மழை அடித்தால் நம் தெரு வாறுகால் நிரம்பித் தண்ணீர் வாசற்படி ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரை வாங்கிக்கொண்டு போக வடிகால் வேண்டும், அதைத் தூர்வார ஆள் வேண்டும், ஆற்றில் விடும் முன்பு குப்பையும் எண்ணெயும் பிரிக்க ஏற்பாடு வேண்டும். இந்தச் செலவைப் பல ஊர்களில் முன்பு சொத்து வரியிலிருந்தோ தண்ணீர்க் கட்டணத்திலிருந்தோ எடுத்தார்கள். அதில் ஒரு கோணல் இருந்தது. நான்கு வழிச் சாலை ஓரத்தில் இரண்டு ஏக்கரில் வண்டி நிறுத்தத் தளம் போட்ட ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் இல்லாத நாளில் அங்கே குழாயில் தண்ணீர் செலவே கிடையாது. ஆனால் மழை பெய்தால் ஒரு சிற்றோடையே அங்கிருந்து கிளம்பும். தண்ணீர் மீட்டரை வைத்து வசூலித்தால் அந்த மண்டபத்தின் பங்கையும் பக்கத்துத் தெருக் குடும்பம்தான் கட்டும்.

அதனால் 1974இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பெல்வியூ நகரம் மழைநீருக்கென்று தனிக் கட்டணத்தைத் தொடங்கியது. இன்று அந்த நாட்டில் இப்படி வசூலிக்கும் ஊர்கள் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. மேரிலாந்தில் 2012இல் இதற்குச் சட்டம் வந்தபோது எதிர்த்தவர்கள் அதை 'மழை வரி' என்று கேலி செய்தார்கள். கேலி நன்றாக இருக்கிறது, பொருள்தான் சரியில்லை. மழை பெய்யாத வருடமும் பில் வரும்; அதிகம் பெய்தாலும் தொகை கூடாது.

நமக்குக் குடிமராமத்து தெரியும். குளத்தையும் வாய்க்காலையும் வெட்டிச் சரிசெய்ய ஆயக்கட்டுக்காரர்கள் தங்கள் நிலத்துக்குத் தக்கபடி ஆள் கொடுத்தார்கள். அங்கே தண்ணீரால் கிடைத்த பயனுக்குப் பங்கு. இங்கே தண்ணீரால் நீங்கள் ஊருக்குக் கொடுக்கும் சுமைக்குப் பங்கு.

பில்லில் எந்த வகை என்று பாருங்கள்

பில் கையில் வந்ததும் தொகையைப் பார்க்காதீர்கள். 'ஸ்டார்ம்வாட்டர்', அதாவது மழைநீர், என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என்ன அளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். சில ஊர்களில் எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை. பிலடெல்பியாவில் வீடுகளுக்கு அப்படித்தான். கடை, ஆலை, பள்ளிக்கூடம் போன்றவற்றுக்கு மட்டும் 2010 முதல் மனையையும் கடினப் பரப்பையும் அளந்து போடுகிறார்கள். உங்கள் ஊர் அந்த வகை என்றால் அளப்பதில் பயனில்லை, காசைக் கட்டிவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

மற்ற ஊர்களில் 'ஈ.ஆர்.யு.' என்று மூன்று எழுத்து இருக்கும். அந்த ஊரின் சராசரி வீடு ஒன்றில் தண்ணீர் இறங்காத பரப்பு எவ்வளவோ, அதை ஓர் அலகாக வைத்துக்கொள்வார்கள். அலகின் அளவு ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டன் டி.சி.யில் 1,000 சதுர அடி ஓர் அலகு. வேறு ஊர்களில் அதைப் போல இரண்டு மூன்று மடங்காகவும் இருக்கும். ஆகவே ஒன்றரை அலகு என்று உங்களுக்கும் ஒன்றரை அலகு என்று வேறு மாநிலத்து நண்பருக்கும் வந்தால் இரண்டும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது.

பல ஊர்களில் வீடுகளைப் படிகளாகப் பிரித்திருப்பார்கள். இது நமக்குப் புதிதில்லை. 2022இல் தமிழ்நாட்டில் சொத்து வரியை உயர்த்தியபோது, சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று படி வைத்தார்கள் அல்லவா, அந்த மாதிரி. வாஷிங்டன் டி.சி.யில் வீடுகளுக்கு இருக்கும் படிகளைப் பாருங்கள். கடினப் பரப்பு 100 முதல் 600 சதுர அடி வரை 0.6 அலகு. 700 முதல் 2,000 வரை 1 அலகு. 2,100 முதல் 3,000 வரை 2.4 அலகு. 3,100 முதல் 7,000 வரை 3.8. அதற்கு மேலும் இரண்டு படிகள் உண்டு. அவை நம்மவர்கள் முதல் வீட்டுக்கு வராது. நூறுக்குக் குறைந்த மீதியைத் தள்ளிவிடுவார்கள். 2,000 என்ற வரம்பைத் தாண்டினால் கட்டணம் ஒரேயடியாக இரண்டு மடங்குக்கு மேல் தாவுவதைக் கவனியுங்கள். அந்த இடத்தில்தான் நம்மவர்கள் தெரியாமல் காசை விடுகிறார்கள்.

கனடாவில் மிசிசாகா நகரம் 2016இல் தொடங்கியது வேறு கணக்கு. தனி வீடுகளுக்கு அங்கே கூரையின் பரப்பை மட்டும் பார்க்கிறார்கள், ஐந்து படிகள். கூரை 99 சதுர மீட்டருக்குள் இருந்தால் அரை அலகு, 151 வரை 0.7, 194 வரை 1, 242 வரை 1.2, அதற்கு மேல் 1.7. அங்கே முன்வாசல் சிமென்ட்டை உடைத்துப் புல் போட்டாலும் பில் குறையாது. நல்ல காரியம்தான், ஆனால் பில்லுக்காகச் செய்யாதீர்கள்.

ஜெர்மனியில் வீட்டுக்காரரிடமே படிவமும் வரைபடமும் கொடுத்து நிரப்பச் சொல்லும் ஊர்கள் பல. கட்டணம் சதுர மீட்டருக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று வரும். பெர்லினில் கழிவுநீரையும் மழைநீரையும் பிரித்துக் கட்டணம் போடுவது 2000 முதல் நடக்கிறது. அங்கே முக்கியமான கேள்வி, 'இந்தக் கூரைத் தண்ணீர் வடிகாலுக்குப் போகிறதா?' என்பது. போகாமல் தோட்டத்து மண்ணில் இறங்கினால் அந்தப் பரப்புக்குக் கட்டணம் இல்லை. படிவத்தில் இந்த இடத்தை அவசரப்பட்டு நிரப்பினால் வருடா வருடம் சும்மா கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

நம் ஊர் வீட்டை வைத்து அளந்து பழகுங்கள்

மகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முறை இதுதான். முதலில் தெரிந்த வீட்டை அளந்து பழக வேண்டும். அதனால் எங்கள் வீட்டையே எடுத்துக்கொண்டோம்.

ஐந்து சென்ட் மனை. அகலம் 33 அடி, நீளம் 66 அடி, மொத்தம் 2,178 சதுர அடி. கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டம் ஓர் அடி என்று வைத்து மனையின் எல்லையை வரையுங்கள். அதன் மேல் கூரையை வரையுங்கள். சுவரை அளக்கக் கூடாது. மேலிருந்து பார்த்தால் தெரிகிற கூரை விளிம்பு வரை, சன்ஷேடோடு சேர்த்து அளக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது 25 அடிக்கு 42 அடி, 1,050 சதுர அடி. முன்னால் போர்ட்டிகோ 10க்கு 15, அது 150. இரண்டு பக்கச் சந்தும் நான்கு அடி அகலம், 42 அடி நீளம், இரண்டிலும் சிமென்ட், சேர்த்து 336. போர்ட்டிகோ போக முன்வாசலில் பேவர் பிளாக் பதித்தது 312. பின்னால் துணி துவைக்கும் கல்லும் அதைச் சுற்றிய தளமும் 80. கூட்டினால் 1,928 சதுர அடி. மீதி மண்ணாகக் கிடப்பது 250 சதுர அடிதான். அதில் ஒரு தென்னை, ஒரு முருங்கை, கறிவேப்பிலை.

கூட்டி முடித்ததும் எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. மனையில் நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பங்கை மூடிவிட்டிருக்கிறேன். எங்கள் அப்பா இருந்த வளவில் எட்டுக் குடும்பம் இருந்தது, நடுவில் மண் முற்றம் திறந்து கிடந்தது.

இந்த 1,928ஐ மூன்று ஊர்க் கணக்கிலும் போட்டுப் பாருங்கள். வாஷிங்டன் டி.சி.யில் மீதியைத் தள்ளி 1,900, ஆகவே 1 அலகு. மிசிசாகாவில் கூரையும் போர்ட்டிகோவும் மட்டும் 1,200 சதுர அடி, அதாவது சுமார் 111 சதுர மீட்டர், 0.7 அலகு. ஜெர்மானிய முறையில் 1,928 சதுர அடி என்பது சுமார் 179 சதுர மீட்டர். அதில் வடிகாலுக்குப் போகும் பகுதிக்கு மட்டும் பில். ஒரே வீடு, மூன்று விடை.

பழகிவிட்டால் அயலூர் வீட்டை அளப்பது சுலபம். நகராட்சியின் இணையதளத்தில் விமானத்திலிருந்து எடுத்த படத்தின் மேல் மனை எல்லையைக் கோடு போட்டு வைத்திருப்பார்கள். அதை அச்சடித்துக்கொண்டு நாடாவோடு வெளியே போங்கள். பில் போடுகிறவர்களும் இந்தப் படத்திலிருந்துதான் அளக்கிறார்கள், யாரும் வீட்டுக்கு வந்து பார்ப்பதில்லை. தவறுகள் நேர்வதும் அதனால்தான்.

எதை எண்ணுவது, எதை விடுவது

மாடி கணக்கில் வராது. இது நம்மவர்களுக்கு முதலில் புரியாது. நம் ஊர்ச் சொத்து வரிக்கு மாடி கட்டினால் கூடுதல் பரப்பு. மழைநீர்க் கட்டணத்துக்குக் கீழே எவ்வளவு மண்ணை மூடினீர்கள் என்பது மட்டும்தான். மேலே மூன்று மாடி எழுப்பினாலும் மழை விழுவது ஒரே கூரையில். வீட்டைப் பெரிதாக்க வேண்டும் என்றால் பக்கவாட்டில் இழுப்பதைவிட மேலே எழுப்புவது இந்த பில்லுக்கு நல்லது.

வண்டி ஏறி இறங்கி இறுகிப்போன சரளைத் தளத்தைப் பல ஊர்களில் கடினப் பரப்பாகவே எண்ணுகிறார்கள். 'அது கல்தானே, இடையில் தண்ணீர் இறங்குமே' என்று என் மருமகன் வாதாடிப் பார்த்தார், பலிக்கவில்லை. தண்ணீர் இறங்கும்படி இடைவெளி விட்டுப் பதித்த கல், பலகைத் தளம், நீச்சல் குளம் இவற்றுக்கு ஊருக்கு ஊர் விதி வேறு. உங்கள் ஊர் விதியில் 'இம்பெர்வியஸ்', அதாவது தண்ணீர் இறங்காத, என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தை ஒரு முறை வரிவிடாமல் படியுங்கள். ஒரு பக்கம்தான் இருக்கும்.

இந்த முறையில் எனக்கு ஒரு குறை உண்டு. மண்ணின் குணத்தை அது பொருட்படுத்துவதில்லை. திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் எவ்வளவு பெய்தாலும் உள்ளே வாங்கிக்கொள்ளும். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் ஒரு முறை நனைந்து ஊதிவிட்டால் அதன் பிறகு விழும் மழை மேலேயே ஓடும். இரண்டையும் 'மண்' என்று ஒரே பெட்டியில் போட்டுப் பூஜ்யம் எழுதுவது வசதிக்காகச் செய்த காரியம். ஒவ்வொரு மனையிலும் மண் சோதனை செய்ய முடியாது என்பது வாஸ்தவம்தான்.

தவறு இருந்தால் எழுதுங்கள்

மகளின் 2,940 சதுர அடிக்கு வருகிறேன். அவள் அளந்தபோது 2,410தான் வந்தது. மறுநாள் மருமகனை நாடா பிடிக்கச் சொல்லி மறுபடி அளந்தாள், அதே எண். வித்தியாசம் 530. படத்தை உற்றுப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. அவர்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் வண்டி போகும் பாதை பொது. எல்லைக் கோடு நடுவில் போகிறது. முழுப் பாதையையும் இவர்கள் தலையில் எழுதிவிட்டார்கள். அந்த ஊரில் ஓர் அலகு 2,500 சதுர அடி, மீதி வந்தால் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றிவிடுவார்கள். ஆக 2,410க்கு ஒரு அலகு, 2,940க்கு இரண்டு.

நாங்கள் அனுப்பியது மூன்றே தாள். எல்லையோடு கூடிய விமானப் படம், அதன் மேல் அளவு எழுதிய எங்கள் வரைபடம், பாதையின் நடுவில் நாடாவை நீட்டி வைத்து எடுத்த புகைப்படம். கடிதத்தில் கோபம் வேண்டாம் என்று மகளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். 'பில்லில் உள்ள பரப்பு இவ்வளவு, நாங்கள் அளந்தது இவ்வளவு, வித்தியாசம் இந்த இடத்தில்' என்று மூன்று வரி போதும். இரண்டு மாதம் கழித்துத் திருத்தி அனுப்பினார்கள். மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு இருக்கும், பில்லின் பின்பக்கம் சிறு எழுத்தில்; அதை முதலில் பாருங்கள்.

பழைய உரிமையாளர் இடித்துவிட்ட கொட்டகை படத்தில் இன்னும் நிற்பது, மரத்தின் நிழலைக் கூரை என்று எண்ணியது, இவையும் அடிக்கடி நேரும். வாங்கிய வருடத்திலேயே பார்த்துவிட வேண்டும். முன்பு கூடுதலாகக் கட்டிய காசை எல்லா ஊரும் திருப்பித் தராது.

குறைப்பதற்கு வழி

கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்தாலோ, பள்ளமான செடிப் பாத்தியில் இறக்கினாலோ பல ஊர்கள் தள்ளுபடி கொடுக்கின்றன. வாஷிங்டன் டி.சி.யில் மழைநீர்க் கட்டணத்தில் 55 சதவீதம் வரை குறையும். ஆனால் செலவழிக்கும் முன்பு கணக்குப் போடுங்கள். வருடத்துக்கு மிச்சமாகும் தொகையால் செலவை வகுத்தால் எத்தனை வருடத்தில் போட்ட பணம் திரும்பும் என்று தெரியும். வீட்டுக்கு வரும் பில் சிறியது என்பதால் விடை சில சமயம் சிரிப்பை வரவழைக்கும். படி வரம்புக்குச் சற்று மேலே இருப்பவர்களுக்குத்தான் நல்ல பலன். 2,130 சதுர அடி வைத்திருப்பவர் பின்வாசலில் 40 சதுர அடி சிமென்ட்டை உடைத்தால் 2.4 அலகிலிருந்து ஒன்றுக்கு இறங்கிவிடுவார்.

இங்கே கட்டுகிறவர்களுக்கு

நெல்லையில் இந்த பில் கிடையாது. ஆனாலும் கணக்கு இங்கேயும் அப்படியே செல்லும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். எங்கள் வீட்டின் 179 சதுர மீட்டரில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் 17,900 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஒன்றரை லாரி. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அந்த மழை எங்கள் வீட்டின் மேல் விழுந்திருந்தால் ஒரு நாளில் பதினான்கு லாரித் தண்ணீரை வாறுகாலுக்குத் தள்ளியிருப்பேன். வாறுகால் எங்கே போகும்? ஒரு காலத்தில் குளத்துக்குப் போனது. குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போனது. புதுப் பேருந்து நிலையம் இன்று நிற்கும் பக்கம் வேய்ந்தான்குளம்.

தமிழ்நாட்டில் 2003இலிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். எங்கள் வீட்டிலும் கொத்தனார் மூன்று அடி நீளம், மூன்று அடி அகலம், மூன்று அடி ஆழத்தில் ஒரு குழி வெட்டி ஜல்லி போட்டு மூடினார். 27 கன அடி, சுமார் 765 லிட்டர். ஜல்லி போக மூன்றில் ஒரு பங்குதான் காலியிடம், 255 லிட்டர். கூரையிலிருந்து வரும் தண்ணீருக்கு இரண்டேகால் மில்லிமீட்டர் மழையிலேயே அது நிறைந்துவிடும். மண் உறிஞ்சுவது அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது. புதிதாகக் கட்டுகிறவர்கள் முதலில் கூரைப் பரப்பை அளந்து, பிறகு குழியின் அளவைச் சொல்லுங்கள். கொத்தனாரிடம் விட்டால் மூன்றுக்கு மூன்றுதான் வரும். பழைய கிணறு இருந்தால் தூர்த்துவிடாதீர்கள். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, மணலும் கரியும் போட்ட தொட்டி வழியாகக் கூரைத் தண்ணீரைக் கிணற்றுக்கு விடலாம். வேறெந்தக் குழியும் அவ்வளவு கொள்ளாது.

போன மாதம் பேவர் பிளாக் போடுகிறவர் வந்து, பின்னால் கிடக்கும் 250 சதுர அடியையும் மூடிவிட்டால் சேறு இருக்காது என்றார். மூடினால் மனை முழுவதும் 2,178, டி.சி.யில் 2.4 அலகு. அவரிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. முருங்கைக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே இரண்டு அடி அகலத்துக்கு நடக்கிற கல் மட்டும் போடச் சொன்னேன். சரி என்று நாடாவை எடுத்தார். அதற்கும் சதுர அடிக் கணக்கில்தான் கூலி கேட்டார்.